ஒரே செம்பு, மூன்று குணம்: ஹாம் வானொலி நிலையத்துக்கு எந்த வயர்?

அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கிய கையோடு வீட்டில் ஒரு நிலையம் அமைக்கப் புறப்படுகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர் போடுவது?" கிடைக்கும் பதில்களோ ஒன்றோடொன்று ஒட்டாது. எலக்ட்ரீஷியன் 2.5 தாராளம் என்பார். பல காலம் காற்றலையில் பழகிய ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) ஒருவர், 6-க்குக் கீழே இறங்காதீர்கள் என்பார். இன்னொருவர் வயரே வேண்டாம், செப்புப் பட்டை போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்.

மூவர் சொல்வதும் சரி. ஆனால் மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு வயர்களைப் பற்றி. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு நிலையத்தில் மூன்று தனித்தனி மின்பாதைகள் உண்டு.

1. சுவர் சாக்கெட்டிலிருந்து பவர் சப்ளை வரை வரும் ஏ.சி. பாதை. 230 அல்லது 120 வோல்ட். இங்கே கவலை, வயர் சூடாவது.

2. பவர் சப்ளையிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ டிரான்ஸீவர் (ஒலிபரப்பவும் கேட்கவும் செய்யும் ரேடியோ) வரை செல்லும் 13.8 வோல்ட் டி.சி. பாதை. இங்கே கவலை, வழியில் வோல்ட் தொலைந்துபோவது.

3. எர்த் பாதையும், கருவிகளின் உலோக உடல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புகளும். இங்கே தடிமனை விட நீளமே பெரிய பிரச்சினை.

முதல் பாதையின் விதியை மற்ற இரண்டிலும் பொருத்திப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## அடிப்படைக் கணக்கு

1 மீட்டர் நீளமும் 1 சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில், சுமார் 0.0172 ஓம். நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும்.

இந்தத் தடையின் வழியே மின்னோட்டம் போகும்போது இரண்டு நடக்கின்றன. ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வரும் வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, மறுபடி ஓமால் பெருக்கினால் வரும் வாட் வெப்பமாகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நீளத்தைக் கணக்கிடும்போது போகும் வழியோடு திரும்பும் வழியையும் சேர்க்க வேண்டும். 3 மீட்டர் கேபிள் என்றால் கணக்குக்கு அது 6 மீட்டர். இதை விட்டுவிட்டால் விடை பாதியாக வந்து நிற்கும்.

அமெரிக்க முறையில் அளவு சொல்லும் ஏ.டபிள்யூ.ஜி. எண்களும் ஒரு பொறி. அதில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்; மூன்று எண் ஏறினால் பரப்பு பாதியாகும். 10-ஆம் எண் சுமார் 5.3 சதுர மி.மீ.; 12-ஆம் எண் 3.3, 14-ஆம் எண் 2.1. யாராவது வெறுமனே "பத்து போடுங்கள்" என்றால், எந்த முறையில் பத்து என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்று மற்றதைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு.

## முதல் பாதை: சுவரிலிருந்து பவர் சப்ளை வரை

100 வாட் வெளியிடும் சாதாரண குறும்பலை டிரான்ஸீவர், முழுச் சக்தியில் பேசும்போது 13.8 வோல்ட்டில் சுமார் 20 முதல் 23 ஆம்பியர் இழுக்கும். 22 என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 300 வாட். பவர் சப்ளையின் திறன் 85 சதவீதம் என்றால் சுவரிலிருந்து வருவது 360 வாட் அளவு. 230 வோல்ட்டில் இது சுமார் 1.6 ஆம்பியர், 120 வோல்ட்டில் 3 ஆம்பியர். மலிவான ஸ்விட்சிங் சப்ளைகள் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் அலையின் உச்சியில் மட்டும் வெட்டி வெட்டி இழுப்பதால் உண்மை அளவு இதைவிடக் கொஞ்சம் கூடும். அப்படியும் ஒரு சாதாரண சாக்கெட் தாங்காத சுமை இல்லை. 100 வாட் நிலையத்துக்காகச் சுவரை உடைத்துப் புது வயர் இழுக்கிறவர் பெரும்பாலும் வீண்செலவு செய்கிறார்.

கதை மாறுவது, ரேடியோவின் வெளியீட்டைப் பல மடங்கு பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் வரும்போது. 1 கிலோவாட் வெளியிடுவதற்கு உள்ளே சுமார் 1,800 வாட் போக வேண்டும். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர். இதற்கு மெயின் போர்டிலிருந்து தனி சர்க்யூட் தேவை. தனி சர்க்யூட் இல்லாவிட்டால் பேசும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அதே லைனில் இருக்கும் விளக்குகள் மங்கி மங்கி ஒளிரும்.

20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டதாகக் கொள்வோம். போக வரத் தடை 0.275 ஓம். 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் ஓடினால் இழப்பு 2.2 வோல்ட், அதாவது ஒரு சதவீதம், கவலையே இல்லை. 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓடினால் 4.1 வோல்ட், 3.4 சதவீதம். 120 வோல்ட் நாடுகளில் ஆம்ப்ளிஃபயருக்கு 240 வோல்ட் சாக்கெட்டைத் தேடுவது இதனால்தான். மின்னோட்டம் பாதியாகும், இழப்பின் சதவீதமோ நான்கில் ஒன்றாகும்.

வயர் எவ்வளவு தாங்கும் என்பது அட்டையில் அச்சிட்ட எண்ணோடு முடிவதில்லை. சுவர் மேல் கண்டியூட் குழாய்க்குள் ஓடும் பி.வி.சி. காப்பிட்ட செம்பு வயருக்கு, 30 டிகிரி சூழலில், சர்வதேச அட்டவணை தரும் மதிப்புகள் இவை: 1.5 சதுர மி.மீ.க்கு 17.5 ஆம்பியர்; 2.5-க்கு 24; 4-க்கு 32; 6-க்கு 41. சூழல் வெப்பம் 40 டிகிரி என்றால் இதை 0.87-ஆல் பெருக்க வேண்டும். ஒரே குழாயில் மூன்று சர்க்யூட்கள் ஒன்றாகப் போனால் மேலும் 0.7-ஆல். ஆக, காகிதத்தில் 24 ஆம்பியர் தாங்கும் 2.5 வயர், வெக்கையான நெரிசல் குழாய்க்குள் 15 ஆம்பியர்கூடத் தாங்காது. பிரேக்கர் இந்தக் குறைந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும். பிரேக்கர் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. மேசை மேல் இருக்கும் ரேடியோவை அல்ல.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் கணத்தில் பாயும் திடீர் மின்னோட்டம் பிரேக்கரை விழவைப்பதுண்டு. உடனே பெரிய ஆம்பியர் பிரேக்கரை மாட்டுவது வீட்டைக் கொளுத்த வழி தேடுவதுதான். பி வகை பிரேக்கர் தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்திலேயே உடனடியாக விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். ஆம்பியரை மாற்றாமல் வகையை மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகும், பழுது நேர்ந்தால் அந்த பிரேக்கர் உரிய நேரத்தில் விழுமா என்று எர்த் பாதையை அளந்து பார்க்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். சுவருக்குள் இருக்கும் ஏ.சி. வேலை முழுவதற்கும் அந்தந்த நாட்டு விதிதான் கடைசிச் சொல்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வயர் சில நாடுகளில் நியூட்ரல், அமெரிக்காவில் ஃபேஸ், டி.சி. கேபிளில் மைனஸ். ஒரே மேசையில் மூன்று பொருளிலும் கறுப்பு வயர் கிடக்க வாய்ப்பு உண்டு. ஏ.சி.யையும் டி.சி.யையும் மேசையின் எதிரெதிர் ஓரங்களில் ஓடவிடுவதும் டி.சி. முனைகளில் பெயர் ஒட்டுவதும் சிறிய வேலை. பின்னால் நிறைய தலைவலியை மிச்சப்படுத்தும்.

## இரண்டாம் பாதை: 13.8 வோல்ட், அதிக ஆம்பியர்

நிலையத்தின் உண்மையான வயர் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. சுவரில் 1.6 ஆம்பியராக வந்த அதே சக்தி, பவர் சப்ளையைத் தாண்டியதும் 22 ஆம்பியராகிறது. 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 13.8-ல் ஒரு வோல்ட் போனால் அது ஏழு சதவீதம்.

22 ஆம்பியர், 3 மீட்டர் கேபிள். போக வர ஆகும் இழப்பு இப்படி வரும்:

1. 1.5 சதுர மி.மீ.: 1.5 வோல்ட்
2. 2.5 சதுர மி.மீ.: 0.9 வோல்ட்
3. 4 சதுர மி.மீ.: 0.57 வோல்ட்
4. 6 சதுர மி.மீ.: 0.38 வோல்ட்
5. 10 சதுர மி.மீ.: 0.23 வோல்ட்

இதில் எது போதும்? இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. கையிருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான டிரான்ஸீவர்கள் 13.8 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 15 சதவீதம் என்று வரம்பு குறிக்கின்றன. அதாவது கீழ் எல்லை சுமார் 11.7. சீரான 13.8 தரும் பவர் சப்ளை இருந்தால் கையில் 2.1 வோல்ட் இருக்கிறது. 2.5 வயர் 0.9-ஐத் தின்றாலும் ரேடியோவுக்கு 12.9 போய்ச் சேரும், வேலை செய்யும். கேபிளில் மட்டும் 20 வாட் வெப்பமாக வீணாகும்.

அதே கேபிளை ஈய-அமில பேட்டரியில் மாட்டினால் நிலைமை வேறு. முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரி, 22 ஆம்பியர் சுமை ஏறியதும் 12-க்கு அருகில் வந்து நிற்கும். கையிருப்பு 0.3 வோல்ட் மட்டுமே. 2.5 வயரில் 11.1 வோல்ட்தான் ரேடியோவை எட்டும். 6 கூட நூலிழையில் தவறுகிறது, 10-தான் தேறுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சுமையிலும் அதிகம் தளராது என்பதால் அதில் மூச்சு விட இடம் உண்டு. "எனக்கு 2.5 போதுமாக இருக்கிறது" என்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார் என்பதைத்தான்.

வோல்ட் குறைந்தால் என்ன ஆகும்? சில ரேடியோக்கள் குரல் உச்சம் தொடும்போது அணைந்து மீண்டும் எழும். சிலவற்றில் வெளியீட்டுப் பெருக்கி நேர்கோட்டில் உழைக்க முடியாமல் குரல் சிதைந்து, பக்கத்து அலைவரிசைக்காரர்மீதும் தெறிக்கும். அடுத்த முனையில் இருப்பவர் "ஆடியோ சரியில்லை" என்பார். இவர் மைக்கை மாற்றிப் பார்ப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அளக்கும் நேரம் முக்கியம். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியோ 1 அல்லது 2 ஆம்பியர்தான் இழுக்கும். அப்போது மீட்டர் 13.7 காட்டி எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக உள்வாங்கும் டம்மி லோடை மாட்டி, முழுச் சக்தியில் ஒலிபரப்பியபடி அளக்க வேண்டும்:

1. ரேடியோ முனையில் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே. கிடைப்பது மொத்த விளைவு.
2. பவர் சப்ளையின் பிளஸ் முனையிலிருந்து ரேடியோவின் பிளஸ் முனைக்கு. பிளஸ் வயரில் மட்டும் தொலையும் வோல்ட் இது.
3. அதேபோல மைனஸிலிருந்து மைனஸுக்கு.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். பிளஸில் ஃபியூஸ் இருந்தால் அங்கே சற்றுக் கூடலாம். ஒன்று மற்றதைவிட வெகுவாகக் கூடினால் குறை வயரின் தடிமனில் இல்லை. எங்கோ ஒரு இணைப்பில் இருக்கிறது.

### இணைப்புகள் தின்னும் வோல்ட்

வயர் தடிமன் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் அதன் இரு முனைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 10 மில்லி ஓம் தடையுள்ள ஒரு சுமாரான இணைப்பை எடுத்துக்கொள்வோம். 22 ஆம்பியரில் அது 0.22 வோல்ட்டை விழுங்கும். 6 சதுர மி.மீ. ஒற்றை வயர் (ஒரு வழி மட்டும்) மூன்றரை மீட்டர் நீளத்தில் இழக்கும் அளவு இது. கூடவே கிட்டத்தட்ட 5 வாட் வெப்பம் நகம் அளவு இடத்தில் குவிகிறது. வயரில் பரவும் வெப்பம் காற்றில் கலந்துவிடும். இங்கே பிளாஸ்டிக்தான் உருகும்.

பவர் சப்ளை திருகு, பிளக், சாக்கெட், ஃபியூஸ் பிடிப்பானின் இரு கவ்விகள், ரேடியோவின் பின்புறப் பிளக் என்று ஒரு சாதாரணக் கேபிளில் பிளஸிலும் மைனஸிலுமாகப் பத்துத் தொடுமுனைகளுக்குக் குறையாது. தடித்த வயர் வாங்குவதைவிடத் தேவையற்ற இணைப்பு ஒன்றை நீக்குவது பல நேரம் அதிகப் பலன் தரும்.

- லக்கை (வயர் முனையில் பொருத்தும் உலோக முனையம்) வயரோடு சேர்த்துச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். குறடால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது.
- திருகுக்கு அடியில் போகும் இழைக்கம்பி முனையில் ஈயப் பற்று ஏற்றக் கூடாது. அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல வழிந்து, சில மாதங்களில் திருகு தானாகத் தளர்ந்துவிடும். அதற்கென்று வரும் குழாய் முனை அல்லது லக் போடலாம்.
- ஹாம்கள் பலர் பயன்படுத்தும் பவர்போல் பிளக்கில் 15, 30, 45 ஆம்பியர் தொடுமுனைகள் மூன்றுமே ஒரே கூட்டுக்குள் பொருந்தும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாரோ கொடுத்த கேபிளை நம்புவதற்கு முன் உள்ளே பாருங்கள்.

பேசும் முறையும் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. குறும்பலையில் பேசப் பயன்படும் எஸ்.எஸ்.பி. முறைக் குரலில் முழு மின்னோட்டம் உச்சங்களில் மட்டுமே பாயும். சராசரி மிகக் குறைவு. எஃப்.டி.8 போன்ற டிஜிட்டல் முறையில் 15 விநாடிச் சுற்றில் 12.64 விநாடி ஒரே அளவில், இடைவெளியே இல்லாமல் ஒலிபரப்பாகும். பல ஆண்டு குரலுக்குத் தாங்கிய பிளக், எஃப்.டி.8 ஆரம்பித்த வாரத்தில் கருகினால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

### செம்பு போன்ற செம்பு

கடையில் கிடைக்கும் சிவப்பு-கறுப்பு இரட்டை வயர்களில் ஒரு பகுதி செம்பே அல்ல; செம்பு முலாம் பூசிய அலுமினியம். மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எனவே அதன் 6, செம்பின் 4-க்குச் சமம். முனையில் எளிதில் முறியும். வெட்டிய இடத்தில் அலுமினிய ஆக்சைடு படிந்து தடை கூடும். சுருள் வழக்கத்துக்கு மாறாக இலேசாக இருந்தால் சந்தேகப்படலாம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயப்பூச்சு இட்ட செம்பு; அது நல்லது. மேலே இருக்கும் காப்பின் பருமனைப் பார்த்து உள்ளே இருக்கும் உலோகத்தை ஒருபோதும் கணிக்காதீர்கள்.

அடிக்கடி வளையும் டி.சி. கேபிளுக்கு நுண்ணிழைகள் நிறைந்த நெகிழ் வயர்தான் ஏற்றது. சுவருக்குள் போடும் ஒற்றைத் தடிக்கம்பியை மேசைக்குப் பின்னால் வளைத்து வளைத்து வைத்தால் அது பிளக்கின் மேல் ஓயாமல் விசை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

### ஃபியூஸ்

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பது பிழை. பேட்டரியின் முனைகள் நேரடியாக மோதிக்கொண்டால் நூற்றுக்கணக்கில், பெரிய பேட்டரியில் ஆயிரத்தையும் தாண்டி, ஆம்பியர் பாயும். பவர் சப்ளைக்குத் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் சுற்று உண்டு, பேட்டரிக்குக் கிடையாது.

அதனால் ஃபியூஸின் இடம் பேட்டரி முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. அளவை ரேடியோவுக்கும் பார்க்க வேண்டும், வயருக்கும் பார்க்க வேண்டும்: 22 ஆம்பியர் ரேடியோவுக்கு 25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் வயரும் 25-ஐச் சூடாகாமல் தாங்குவதாக இருக்க வேண்டும். அதே பாதையிலிருந்து ஒரு மீட்டரின் சிறு விளக்குக்கு 0.75 வயர் பிரிகிறதா? அந்தக் கிளைக்குத் தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். 25 ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்குள் மெல்லிய வயர் சிவந்து எரிந்திருக்கும்.

### தளர்ந்த மைனஸ்

இது அதிகம் பேசப்படாத, ஆனால் கருவிகளைக் கொல்லும் பழுது. மைனஸ் வயர் தளர்ந்துவிட்டால் ரேடியோ அணைந்துவிடும் என்றுதான் தோன்றும். பல நேரம் அணையாது. ரேடியோவின் மைனஸ் அதன் உலோக உடலோடு இணைந்தது. அந்த உடல், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளின் வெளிவலை வழியாக ட்யூனருக்கும் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் கருவி), யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கணினிக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் போகிறது. பவர் சப்ளையின் மைனஸும் எர்த்தோடு பிணைந்திருந்தால், 22 ஆம்பியருக்கு வேறொரு வழி திறந்துவிடும். ஒரு ஆம்பியரைக்கூட எதிர்பாராத யு.எஸ்.பி. கேபிளின் மெல்லிய இழை அந்தச் சுமையை ஏற்கும். கணினி போர்டு போன பிறகு, காரணம் மேசைக்கு அடியில் தளர்ந்த ஒரு திருகு என்று யாருக்கும் தோன்றாது. எல்லாக் கருவிகளின் உடல்களையும் குட்டையான தடித்த பட்டையால் பிணைத்து வைத்தால், தப்பி ஓடும் மின்னோட்டம் யு.எஸ்.பி.யை நாடாமல் பட்டை வழியே போகும்.

## மூன்றாம் பாதை: எர்த் என்ற ஒரே சொல், மூன்று வேலை

"நல்ல எர்த் போடுங்கள்" என்ற அறிவுரையில் மூன்று வேலைகள் ஒன்றாகச் சுருட்டப்பட்டிருக்கின்றன.

பாதுகாப்பு எர்த். ஃபேஸ் வயர் கருவியின் உடலைத் தொட்டுவிட்டால் பெரும் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பி பிரேக்கரை விழவைப்பது. இது பிளக்கின் மூன்றாவது ஊசி. ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது என்று அந்த ஊசியை வெட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உறுமலுக்குக் காரணம் இரு வேறு இடங்களில் எர்த் ஆன கருவிகளுக்கு இடையே ஓடும் சிறு மின்னோட்டம். ரேடியோ, கணினி, பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரே சாக்கெட் பலகையில் மாட்டி, உடல்களைப் பிணைத்தாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஆடியோ பாதையில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும்.

மின்னல். ஆன்டெனாவுக்கென்று தனியாக ஒரு எர்த் கம்பி அடித்து, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது. 20,000 ஆம்பியர் மின்னல், 10 ஓம் மண்தடையுள்ள கம்பியில் இறங்கினால் அந்தக் கம்பி இருக்கும் இடத்தின் அழுத்தம் 2 லட்சம் வோல்ட் உயர்கிறது. வீட்டு எர்த் அங்கேயே கீழே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எது? ஒரு கையில் ஆன்டெனா கேபிளையும் மறுகையில் மெயின் பிளக்கையும் பிடித்திருக்கும் உங்கள் ரேடியோ. எனவே எல்லா எர்த் கம்பிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும். அப்போது எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அமெரிக்க மின்விதித் தொகுப்பு இந்தப் பிணைப்புக்குக் குறைந்தது 6-ஆம் எண் செம்பு, அதாவது சுமார் 13 சதுர மி.மீ., கேட்கிறது. ஒரு எச்சரிக்கை: நியூட்ரலும் எர்த்தும் ஒரே கடத்தியாக வீட்டு வாசல் வரை வரும் விநியோக முறையும் சில இடங்களில் உண்டு. அங்கே வெளியே அந்த ஒற்றைக் கடத்தி அறுந்தால், தோட்டத்து எர்த் கம்பி அக்கம்பக்கத்து மின்னோட்டத்தையும் சுமக்க நேரும். அப்படிப்பட்ட வீட்டில் இந்தப் பிணைப்பைத் தானாகச் செய்யாமல் தொழில் தெரிந்தவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

ரேடியோ அலை எர்த். செம்பு தன் குணத்தை முற்றிலும் மாற்றிக்கொள்வது இங்கேதான். நேரான ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி மின்தூண்டல் உண்டு. 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 0.3 மில்லி ஓம். இல்லை என்றே சொல்லலாம். 14 மெகாஹெர்ட்ஸில் அதே ஒரு மீட்டர் 88 ஓம். மாடியிலிருந்து கீழே இறங்கும் பச்சை வயர், மின்சாரத்துக்கு எர்த்; ரேடியோ அலைக்கோ தொங்கும் இன்னொரு ஆன்டெனா. அதன் நீளம் கால் அலைநீளத்தை நெருங்கினால், 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது 5.3 மீட்டர், கீழ் முனை மண்ணில் இருந்தாலும் மேல் முனை மண்ணே இல்லாதது போல நடந்துகொள்ளும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று குத்துவது இதனால்தான்.

இன்னும் தடித்த வயர் போட்டால் சரியாகுமா? ஆகாது. 14 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து 0.018 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடிவிடும். உள்ளே இருக்கும் உலோகம் வேடிக்கை பார்க்கும். அகலமான தட்டைப் பட்டை தூண்டலைக் கொஞ்சம் குறைக்கும். நீளத்தைக் குறைத்தால் நிறையக் குறையும். செப்புப் பட்டை போடச் சொன்ன அந்த மூன்றாமவர் சொல்வது, மேசைக்குப் பின்னால் அரை மீட்டருக்குள் கருவிகளைப் பிணைக்கும்போது முழுக்கப் பொருந்தும். மூன்றாம் மாடியிலிருந்து பத்து மீட்டர் பட்டை இறக்குவது பணத்தை மண்ணில் புதைப்பது. அங்கே செய்ய வேண்டியது, கோஆக்சியல் கேபிளின் வெளிப்புறமாகத் திரும்பி வரும் அலையை கேபிள் ஆன்டெனாவோடு சேரும் ஊட்டுமுனையிலேயே காமன்-மோட் சோக் (அந்த அலையை மட்டும் தடுக்கும் சுருள்) போட்டு நிறுத்துவது; இருபுறமும் சமநிலையான ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது.

## தடிமன் தீர்க்காத தொல்லைகள்

ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல் குறையும் என்று ஏ.சி. வயரைத் தடிப்பாக்குகிறவர்கள் உண்டு. இரைச்சல் வருவது எல்.இ.டி. விளக்குகள், சார்ஜர்கள், ஸ்விட்சிங் சப்ளைகள் ஆகியவற்றிலிருந்து. வீட்டு வயரிங் அதற்கு ஆன்டெனா. வயர் எவ்வளவு தடிமன் என்பது இரைச்சலுக்கு ஒரு பொருட்டல்ல. மெயின் போர்டிலிருந்து தனி சர்க்யூட் இழுப்பதும் இதற்குச் சிறிதளவே உதவும். பலன் தருவது கேபிளைச் சுற்றிப் போடும் ஃபெர்ரைட் (காந்தப் பொருள்) வளையம்: குறும்பலைக்கு 31 எனப்படும் கலவை ஏற்றது. கேபிளை ஒருமுறை நுழைத்தால் போதாது. எதிர்ப்பு ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், நான்கு சுற்று ஒரு சுற்றைவிடப் பதினாறு மடங்கு வரை வேலை செய்யும். அதையும் இரைச்சல் பிறக்கும் கருவிக்கு அருகில் போட வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவி அடிக்கடி விழுவதும் வயர் தடிமன் சம்பந்தப்பட்டதல்ல. ஒவ்வொரு சப்ளையின் இரைச்சல் வடிகட்டியும் எர்த்துக்குச் சிறிது கசியவிடுகிறது. பத்துக் கருவிகள் சேர்ந்தால் கூட்டுத்தொகை 15 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடும். அதற்கு மேல் விழுவதற்கு ஆர்.சி.டி.க்கு உரிமை உண்டு. ஒலிபரப்பும்போது மட்டும் விழுகிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது ஏ.சி. வயரில் ஏறும் ரேடியோ அலையை. முதல் நிலைமைக்கு மருந்து கருவிகளை இரண்டு ஆர்.சி.டி.களுக்குப் பிரித்துக் கொடுப்பது; இரண்டாவதற்கு மறுபடியும் சோக். ஆர்.சி.டி.யைக் கழற்றுவது இரண்டுக்குமே மருந்து இல்லை.

## போட்டு முடித்த பிறகு

எல்லாம் மாட்டியானதும் டம்மி லோடில், அது தாங்கும் சக்தியில், பத்து நிமிடம் தொடர்ந்து ஒலிபரப்பி நிறுத்துங்கள். உடனே டி.சி. பாதையில் மட்டும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள், ஏ.சி. பக்கம் கை போகக் கூடாது. வயர் முழுவதும் ஒரே சீராக வெதுவெதுப்பாக இருந்தால் அது தடிமன் விஷயம். ஒரு அளவு மேலே போகலாம். வயர் குளிர்ந்திருக்க ஒரு இணைப்பு மட்டும் சுட்டால் அந்த இணைப்புதான் குற்றவாளி. அதைத் திருகி இறுக்கிப் பார்ப்பது சில நாளுக்குத்தான் தாங்கும். சூடேறிய செம்பில் ஆக்சைடு படிந்திருக்கும், கவ்வியின் வில்விசையும் போயிருக்கும். நிறம் மாறிய பகுதி முழுவதையும் தாண்டி, பளபளக்கும் செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டுப் புது லக் போட வேண்டும்.